தத்தெடுத்து வரும் தளர்நடைக் குழந்தைக்குப் பரிசுப் பட்டியல் போடுவது எப்படி?

தத்தெடுக்கப் போகிறீர்கள் என்று தெரிந்ததும் உறவும் நட்பும் கேட்கும் முதல் கேள்வி, "என்ன வாங்கித் தரட்டும்?" பதில் சொல்லாமல் விட்டால் வீடு முழுக்கக் கரடி பொம்மையும் அளவு சேராத சட்டையும் வந்து குவியும். பதில் சொல்ல உட்கார்ந்தால் வேறு தொல்லை. கடைகளின் கிஃப்ட் ரெஜிஸ்ட்ரிகள், அதாவது வேண்டிய பரிசுகளை முன்கூட்டியே பதிந்துவைக்கும் பட்டியல்கள், பெரும்பாலும் பிறக்கப்போகும் குழந்தையை மனத்தில் வைத்துச் செய்தவை. பிரசவத் தேதி கேட்கும், பச்சிளங்குழந்தைச் சாமான்களை அடுக்கிக் காட்டும். உங்களிடம் உறுதியான தேதி இல்லை. வரப்போவதும் கைக்குழந்தை இல்லை. ஒன்றரை வயதோ இரண்டரை வயதோ ஆன, நடக்கத் தெரிந்த, தனக்கென்று தூக்கமும் சாப்பாடும் பயமும் பழக்கமும் உள்ள ஒரு பிள்ளை.

அதனால் முதலிலேயே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். குழந்தை வரும் முன் கொஞ்சமாக வாங்கவேண்டும். வந்து, பார்த்து, அளந்து, புரிந்துகொண்ட பிறகு வாங்குவதற்குப் பட்டியலின் பெரும்பகுதியை ஒதுக்கிவைக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாமே இதை நடைமுறைப்படுத்தும் வழிகள்தான்.

1. எப்போது தொடங்குவது, எப்போது வெளியே சொல்வது

பட்டியலைத் தயாரிப்பது வேறு, பகிர்வது வேறு. இரண்டுக்கும் இடையே பல மாதங்கள் ஆகலாம்.

வீட்டு ஆய்வு (தத்தெடுப்பை நடத்தும் நிறுவனமான முகமை உங்கள் வீட்டையும் குடும்பத்தையும் பார்த்து மதிப்பிடுவது) முடிந்து, நீங்கள் தத்தெடுக்கத் தகுதியானவர்கள் என்று ஒப்புதல் வந்ததும் வரைவைத் தொடங்குங்கள். உங்கள் இருவர் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி வையுங்கள். குழந்தையைப் பற்றிய விவரம் வந்து நீங்கள் சம்மதம் சொன்ன பிறகு, மிக நெருங்கிய இரண்டு மூன்று பேருக்கு மட்டும் காட்டலாம். குழந்தையை அழைத்துவரும் தேதி எழுத்தில் உறுதியான பிறகே எல்லோருக்கும் அனுப்புங்கள்.

இவ்வளவு தயக்கம் ஏன் என்று தோன்றலாம். குழந்தையைக் காட்டிய பிறகும் தத்தெடுப்பு நின்றுபோவது உண்டு. தாள்களில் தடங்கல் வந்து மாதக்கணக்கில் தள்ளிப்போவதும் உண்டு. அந்த நாட்களில் பிரிக்காத பெட்டிகள் நிறைந்த அறையைத் தினமும் கடந்துபோவது மிகவும் கடினம். காசுக் கணக்கிலும் நட்டம்தான். பொருளைத் திருப்பித் தரும் கெடு பெரும்பாலும் வாங்கிய நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். குழந்தை வந்து அளவு தெரியும்போது கெடு முடிந்திருக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உறுதித் தேதி வந்த பிறகு சில வாரங்களே கிடைக்கலாம், சிலருக்குச் சில நாட்கள்தான். வரைவு தயாராக இல்லையென்றால் அந்த அவசரத்தில் ஒன்றும் ஓடாது.

வீட்டு ஆய்வுக்கே தேவைப்படும் பாதுகாப்புச் சாமான்களைப் பரிசுப் பட்டியலில் போடாதீர்கள். புகை அலாரம், மருந்து அலமாரிக்குப் பூட்டு, மாடிப்படிக் கேட் போன்றவற்றை நீங்களே வாங்கிப் பொருத்திவிட வேண்டும். யாரோ வாங்கித் தருவார்கள் என்று ஒப்புதலைக் காக்கவைக்க முடியாது.

2. முன்னதாகத் திரட்டவேண்டிய தாள்களும் தகவல்களும்

முதலில் மருத்துவ அறிக்கை. அதில் உயரம், எடை, தலைச்சுற்றளவு இருக்கும். அந்த எண்களைவிட அவற்றை எடுத்த தேதியைத்தான் முதலில் பாருங்கள். இரண்டாம் வயதில் குழந்தை ஏறத்தாழ 10 முதல் 12 செ.மீ. வளரும். மூன்றாம் வயதில் ஏறத்தாழ 8 செ.மீ. ஆறு மாதப் பழைய அளவை வைத்துச் சட்டை வாங்கினால் தப்பாகத்தான் போகும்.

இன்னொரு தவறு, வயதை நம்புவது. காப்பகத்தில் வளர்ந்த குழந்தைகள் வயதுக்கு ஏற்ற உயரத்தில் இல்லாமல் பின்தங்கியிருப்பது சகஜம். காப்பகத்தில் கழித்த ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் ஏறத்தாழ ஒரு மாத வளர்ச்சி பின்தங்கும் என்பது மருத்துவர்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பதினெட்டு மாதச் சட்டை சரியாக இருக்கலாம். வீட்டுக்கு வந்து சத்தான சாப்பாடும் கவனிப்பும் கிடைத்ததும் கிடுகிடுவென்று வளர்வதும் நடக்கும். ஆகவே ஒரே அளவில் குவித்தால் இரு பக்கமும் இழப்பு. பிறந்த தேதியே உத்தேசமாகப் போட்டதாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, இதுவரை பார்த்துக்கொண்டவர்களிடம் கேட்கவேண்டிய கேள்விகள். நேரில் போகும்போது கேட்கலாம் என்று விட்டால் அன்றைய பரபரப்பில் பாதி மறந்துவிடும். எழுதி, முகமை வழியாக முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்:

– எதில் தூங்குகிறது? தொட்டிலிலா, தரையிலா, பெரியவர் பக்கத்திலா? விளக்கு எரியுமா?
– பால் புட்டியிலா, கோப்பையிலா? கெட்டி உணவை மெல்லத் தெரியுமா?
– டயப்பர் உண்டா? உண்டென்றால் எந்த நிறுவனம், எந்த அளவு?
– துணிக்கும் உடம்புக்கும் என்ன சோப்பு?
– அழுதால் எதைக் கொடுத்தால், எப்படித் தூக்கினால் அடங்கும்?
– எதைக் கண்டால் பயம்?
– தண்ணீர், பசி, வலி, கழிப்பறை: இவற்றுக்கு அந்தக் குழந்தை சொல்லும் சொல் என்ன?
– ஒவ்வாமை ஏதும் உண்டா?
– காலின் நீளம் எத்தனை செ.மீ.?

ஒவ்வொரு பதிலும் பட்டியலில் ஒரு வரியைச் சேர்க்கும் அல்லது நீக்கும். தரையில் படுத்துப் பழகிய பிள்ளை என்று தெரிந்தால் விலை கூடிய தொட்டில் ஒன்று மிச்சம்.

மூன்றாவது, குழந்தையின் பெயரையும் படத்தையும் பகிர்வது பற்றியும், காப்பகத்துக்கோ பெற்ற குடும்பத்துக்கோ பரிசு தருவது பற்றியும் முகமையின் விதிகள். வாய்வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

3. பட்டியலை எங்கே போடுவது

மூன்று வழிகள் உண்டு. ஒரே கடையின் ரெஜிஸ்ட்ரியில் பொருளை மாற்றுவது எளிது. பல கடைப் பொருள்களையும் சேர்த்துக்கொள்ளும் பொதுப் பட்டியல் தளங்கள் இரண்டாவது வழி. இதில் கைச்செய்பொருளையும் உதவிகளையும்கூடச் சேர்க்கலாம், ஆனால் திருப்பித் தருவதென்றால் கடை கடையாக அலையவேண்டும். மூன்றாவது, இணையத்தில் பகிரும் சாதாரண அட்டவணை. பத்துப் பதினைந்து பேர்தான் என்றால் இதுவே போதும், யார் எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்று அவர்களே எதிரில் எழுதிவிடலாம். வட்டம் பெரிது என்றால் பொதுப் பட்டியல்தான் தோது.

எந்தத் தளமானாலும் பதியும் முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள்:

– தத்தெடுப்பு என்று குறிக்க வழி உண்டா? தேதியை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாமா?
– லிங்க் உள்ளவர் மட்டும் பார்க்கும்படி வைக்கலாமா? பெயரைப் போட்டுத் தேடினால் பட்டியல் அகப்படுமா?
– திருப்பித் தரும் கெடு வாங்கிய நாளிலிருந்தா, பதியும்போது நீங்கள் கொடுக்கும் நிகழ்வுத் தேதியிலிருந்தா? நிகழ்வுத் தேதியிலிருந்து என்றால் உங்களுக்கு அதுதான் நல்லது.
– விலை தெரியாத பரிசு ரசீது தருவார்களா?
– பரிசு தருபவர் கண்ணுக்கு உங்கள் முழு முகவரி தெரியுமா?
– பலர் சேர்ந்து ஒரு பொருளுக்குப் பணம் போடலாமா? அதில் தளம் கட்டணம் பிடிக்குமா?
– யாரும் வாங்காமல் மிஞ்சியவற்றை நீங்களே வாங்கத் தள்ளுபடி உண்டா? அது எந்தத் தேதிக்குள்?

கடைசிக் கேள்வியில் கவனம் தேவை. அந்தத் தள்ளுபடி வழக்கமாக நீங்கள் கொடுத்த நிகழ்வுத் தேதியை ஒட்டிய குறிப்பிட்ட நாட்களுக்குள் மட்டும் செல்லும். தேதி தள்ளிப்போனால் உடனே தளத்திலும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் தள்ளுபடி கைநழுவும்.

தேதிக் கட்டத்தில் குழந்தையின் பிறந்த நாளைப் போட்டுவிடாதீர்கள். வீட்டுக்கு அழைத்துவரும் உத்தேசத் தேதியை, முகமை சொன்னதைவிடச் சில வாரம் தள்ளியே போடுங்கள். கூடவே விளம்பர மின்னஞ்சல், குறுஞ்செய்தி எல்லாவற்றையும் பதியும்போதே நிறுத்திவிடுங்கள். விட்டால் "உங்கள் கர்ப்பத்தின் இந்த வாரம்" என்று கடிதம் வரத் தொடங்கும். தத்தெடுப்பு நின்றுபோனாலும் அந்தக் கடிதங்கள் நிற்காது. இதற்கென்றே தனி மின்னஞ்சல் முகவரி ஒன்று தொடங்கிக்கொள்வது இன்னும் நல்லது.

4. பெயர், படம், முகவரி

தத்தெடுப்பு சட்டப்படி முடியும்வரை குழந்தையின் பெயரும் படமும் பட்டியலில் வேண்டாம். பல இடங்களில் அப்படிப் பகிர்வதற்குச் சட்டத்தடையே உண்டு, வழக்கையும் அது பாதிக்கலாம். பட்டியலின் தலைப்பில் உங்கள் பெயரின் முதலெழுத்துகள் போதும். குழந்தையின் முந்தைய வாழ்க்கை, பெற்றவர்கள் பற்றிய விவரம், நோய் விவரம் எதையும் எழுதாதீர்கள். "இரண்டு வயதை ஒட்டிய குழந்தை" என்றால் வாங்குகிறவருக்குப் போதும். மற்றதெல்லாம் அந்தக் குழந்தைக்குச் சொந்தமான செய்தி. வளர்ந்து தானே யாரிடம் சொல்லவேண்டுமோ சொல்லிக்கொள்ளட்டும்.

பெயர் எம்பிராய்டரி செய்த போர்வை, பெயர் பொறித்த பலகை போன்றவற்றை வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். பெயர் மாறலாம், எழுத்து மாறலாம், பழைய பெயரையே வைத்துக்கொள்ள நீங்கள் தீர்மானிக்கலாம். அப்படி வந்த பொருளைக் கடையிலும் திருப்பி எடுக்கமாட்டார்கள்.

குழந்தையை அழைத்துவர வெளியூரோ வெளிநாடோ போகும் நாட்களில் பெட்டிகள் வாசலில் கிடக்கும். ஒரு நெருங்கியவர் வீட்டு முகவரியை அனுப்பும் முகவரியாகப் போட்டுவிட்டால் அந்தக் கவலை இல்லை.

5. முதல் அடுக்கு: முதல் இரண்டு வாரத்துக்கு

பொருள்களை மூன்று அடுக்காகப் பிரியுங்கள். முதல் அடுக்கில் இருப்பது அன்றிரவே தேவைப்படுவது. பத்துப் பதினைந்து பொருளுக்கு மேல் போகக்கூடாது.

கார் சீட், அதாவது காரில் பொருத்தும் குழந்தை இருக்கை. இதைத்தான் எல்லோரும் தவறாக வாங்குகிறார்கள், வயதைப் பார்த்து வாங்குவதால். பார்க்கவேண்டியது சீட்டின் உயர, எடை வரம்பை. பின்னோக்கியும் (குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்க்கும்படி) முன்னோக்கியும் வைக்கக்கூடிய, வரம்பு பெரியதாக உள்ள வகையாகப் பாருங்கள். சீட்டின் வரம்பு அனுமதிக்கும்வரை பின்னோக்கி உட்காரவைப்பதே பாதுகாப்பு. ஐரோப்பாவின் கார் சீட் பாதுகாப்பு விதியான ஆர்129-இன்படி 15 மாதம்வரை அது கட்டாயம். ஆனால் 15 மாதம் என்பது குறைந்தபட்சம், அன்றே திருப்பிவிட வேண்டும் என்பதில்லை. சிறிய உடலமைப்புள்ள பிள்ளை மூன்று வயதிலும் பின்னோக்கி வசதியாக உட்காரும்.

பட்டியலில் "கார் சீட்" என்று பொதுவாக எழுதாதீர்கள். உங்கள் காரில் வைத்துப் பார்த்து, பொருந்திய மாடலின் பெயர், எண் இரண்டையும் எழுதுங்கள். யாராவது தங்கள் பிள்ளை பயன்படுத்தியதைத் தருகிறேன் என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். விபத்தில் அடிபட்ட சீட்டில் விரிசல் வெளியே தெரியாது. சீட்டுக்குக் காலாவதியும் உண்டு. அடிப்பக்கத்திலோ பின்பக்கத்திலோ ஒட்டியிருக்கும் தாளில் உற்பத்தித் தேதி இருக்கும், பெரும்பாலானவை அதிலிருந்து 6 முதல் 10 ஆண்டுவரைதான். தடித்த குளிர்ச்சட்டையைப் போட்டு அதற்குமேல் வாரைக் கட்டக்கூடாது. மோதும் வேகத்தில் சட்டை அமுங்கி, வார் தொளதொளத்துவிடும். வாரை உடம்போடு கட்டி, மேலே போர்வை போடுங்கள். காரிலேயே ஏறியிராத குழந்தையாகவும் இருக்கலாம். நேரம் கிடைத்தால் சீட்டை ஒரு நாள் தரையில் வைத்து விளையாட விட்டு, பிறகு காரில் பொருத்துங்கள்.

படுக்கை. ஏறத்தாழ 89 செ.மீ. உயரம் வந்துவிட்டால், அல்லது கம்பியில் கால் போட்டு ஏறத் தொடங்கிவிட்டால், கம்பித் தொட்டில் ஆபத்து. பல குழந்தைகள் ஆள் நடமாட்டம் உள்ள அறையில் தூங்கிப் பழகியிருக்கும். தனி அறையில் புதுத் தொட்டிலில் போட்டால் பயந்து அலறும். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையோடு ஒரு மெத்தை போடுவதே முதல் மாதத்துக்குப் போதுமான ஏற்பாடு. அதனால் முதல் அடுக்கில் மெத்தை ஒன்று, அதற்குச் சரியான அளவில் விரிப்பு மூன்று, தண்ணீர் புகாத உறை இரண்டு. விரிப்பு மூன்று என்பது கூடுதல் இல்லை: ஒன்று விரித்திருக்கும், ஒன்று காயும், ஒன்று நடுராத்திரிக்கு. தொட்டிலே வேண்டும் என்றால் மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவே இரண்டு விரலுக்குமேல் இடைவெளி இருக்கக்கூடாது.

உடை. அறிக்கையில் உள்ள அளவில் மூன்று ஜோடி, அதற்கு ஒரு அளவு பெரிதாக மூன்று ஜோடி. இடுப்பில் எலாஸ்டிக், கழுத்து விரிகிற துணி. அவ்வளவு போதும். அடுத்த கோடைக்கு, அடுத்த குளிருக்கு என்று இப்போதே வாங்கிவைக்கும் துணி பெரும்பாலும் அந்தப் பருவத்தில் சேராது.

டயப்பர். எடையைப் பார்த்து அளவு. அந்த அளவிலும் அடுத்த அளவிலும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கு மேல் வேண்டாம், ஒன்றைப் பிரிக்காமல் வைத்தால் மாற்றிக்கொள்ளலாம். கழிப்பறைப் பழக்கம் வந்துவிட்டது என்று அறிக்கை சொன்னாலும் வாங்குங்கள். புது இடத்தில் அந்தப் பழக்கம் கொஞ்ச நாள் பின்வாங்குவது இயல்பு.

சாப்பிடக் குடிக்க. குழந்தை இதுவரை பயன்படுத்திய அதே வகை. இரண்டு வயதிலும் புட்டி குடிக்கும் பிள்ளை என்றால் அதே மாதிரிப் புட்டியும் நிப்பிளும் வாங்குங்கள். முதல் நாளிலேயே பழக்கத்தைப் பிடுங்க வேண்டாம். எப்போது நிறுத்துவது என்பதைக் குழந்தை மருத்துவரிடம் பேசிக்கொள்ளலாம்.

சுமக்கும் கேரியர். இதைப் பலர் கைக்குழந்தைச் சாமான் என்று விட்டுவிடுகிறார்கள். என் கணிப்பில் விட்டுவிடக்கூடாத பொருள். உடம்போடு ஒட்டி, முகம் பார்த்து இருப்பது புதிய பெற்றோரோடு பிணைப்பு வளர நேரடியாக உதவும். எடை வரம்பு பாருங்கள்: பல கேரியர்கள் 15 கிலோவரை, சில 20 கிலோவரை. தொட்டால் விலகும் பிள்ளை என்று தெரிந்தால் இதை இரண்டாம் அடுக்குக்குத் தள்ளுங்கள், வற்புறுத்தாதீர்கள்.

வீட்டைக் காப்பவை. மாடிப்படிக் கேட்டை வீட்டு ஆய்வுக்கே நீங்கள் வாங்கியிருப்பீர்கள், சரியான வகைதானா என்று பாருங்கள். மாடிப்படியின் உச்சியில் சுவரில் திருகி மாட்டும் கேட் மட்டுமே போடவேண்டும். அழுத்தத்தில் நிற்கும் கேட் தள்ளினால் விழுந்துவிடும், அதை அறைவாசலுக்கு வைத்துக்கொள்ளலாம். அகலத்தைத் தரையோரத்திலும் மேலேயும் அளவெடுங்கள். சுவரடிப் பட்டியால் இரண்டும் மாறும். அலமாரி, இழுப்பறைப் பெட்டி, டிவி மூன்றையும் சுவரோடு பிணைக்கும் வார் தேவை. கைக்குழந்தை வீட்டுக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு செய்யும் இந்த வேலையெல்லாம் உங்களுக்கு முதல் நாளே முடிந்திருக்க வேண்டும். வருகிற பிள்ளை வந்த கணமே ஏறும், இழுக்கும். யாராவது திருகாணி வேலை தெரிந்தவர் இருந்தால், "ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து மாட்டித் தரவும்" என்று அதையே பரிசாகப் பட்டியலில் போடுங்கள்.

ஒரு பொருளை மட்டும் யாரிடமும் கேட்கவேண்டாம்: புதுப் போர்வை. பழைய இடத்தில் குழந்தை பயன்படுத்திய போர்வை, துண்டு, தேய்ந்த சட்டை ஏதாவது ஒன்றைக் கேட்டு வாங்கிவாருங்கள். அதைத் துவைக்காதீர்கள். அழுக்காகத்தான் இருக்கும், ஓரம் பிரிந்திருக்கும். ஆனால் எல்லாமே மாறிப்போன முதல் இரவில் குழந்தைக்குத் தெரிந்த வாசனை அது ஒன்றுதான். மற்ற துணிகளையும் அங்கே பயன்படுத்திய சோப்பிலேயே சில வாரம் துவையுங்கள். அந்த சோப்பு வேண்டுமானால் பட்டியலில் இருக்கலாம்.

6. இரண்டாம் அடுக்கு: குழந்தை வந்த பிறகு

தளத்தில் இவற்றை மறைத்துவைக்க வழி இருந்தால் மறைத்துவையுங்கள். இல்லையென்றால் பொருளின் பெயருக்கு முன்னால் "இப்போது வேண்டாம், அளவு சொன்ன பிறகு" என்று எழுதுங்கள். வந்து மூன்று நான்கு வாரம் கழித்துத் திறக்கலாம்.

செருப்பும் ஷூவும் இங்கேதான் வரவேண்டும். முன்கூட்டி வாங்கிய ஷூ பொருந்துவது அபூர்வம். பிள்ளையைத் தாளில் நிற்கவைத்து, இரண்டு காலையும் வரைந்து, குதிகாலிலிருந்து நீளமான விரல்வரை அளவெடுங்கள். பெரிய காலின் அளவோடு ஏறத்தாழ 1 செ.மீ. சேருங்கள். உட்கார்ந்திருக்கும்போது எடுத்த அளவு குறைவாக வரும். இந்த வயதில் சில மாதங்களிலேயே அளவு மாறும், ஆகவே ஒரு ஜோடிக்கு மேல் வேண்டாம்.

ஸ்ட்ரோலரும் இங்கேதான். பெற்றோர் முகத்தைப் பார்த்து உட்காரும்படி திருப்ப முடிகிற வகை நல்லது. உயரமான சாப்பாட்டு நாற்காலி, படிக்கட்டு ஸ்டூல், மழைக்கோட்டு, பெரிய கட்டில் எல்லாம் பார்த்துப் போடலாம்.

பொம்மை. வயது போட்ட பெட்டியைப் பார்த்து வாங்கினால் இரண்டு விதத்தில் தவறும். விளையாட வாய்ப்பில்லாமல் வளர்ந்த இரண்டரை வயதுப் பிள்ளைக்கு ஒரு வயதுப் பொம்மைதான் பிடிபடும். அதேசமயம் எல்லாவற்றையும் வாயில் வைக்கும் கட்டத்தை அது இன்னும் தாண்டியிராது. ஆகவே மூன்று வயதைக் கடந்த பிள்ளைக்கும், மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் பொம்மையில் சிறு பாகங்கள் கூடாது என்ற விதியையே வையுங்கள். எது சிறு பாகம் என்று பார்க்கும் சோதனைக் குழாயின் விட்டம் 31.7 மி.மீ. அதற்குள் முழுதாக அடங்கிவிடும் பொருள் தொண்டையை அடைக்கலாம். வீட்டில் கழிப்பறைத் தாள் சுருளின் நடு அட்டையை வைத்துப் பாருங்கள். அது கொஞ்சம் பெரிது, எனவே அதற்குள் போகிற எதையும் தள்ளிவைத்தால் கவலையில்லை. பட்டன் பேட்டரி (காசு போன்ற சிறிய வட்ட பேட்டரி) உள்ள பொம்மைகளில் மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்க வேண்டும். விழுங்கிய பட்டன் பேட்டரி இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். சிறு காந்தம், ஊதும் ரப்பர் பலூன் இரண்டும் வீட்டுக்குள்ளேயே வேண்டாம்.

எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துங்கள். பத்துப் பொம்மை ஒரே நேரத்தில் எதிரில் இருந்தால் பல குழந்தைகள் திகைத்து எதையும் தொடாது, சில எறிந்து உடைக்கும். ஐந்தாறு போதும். இரண்டு பேர் சேர்ந்து விளையாடுவதாக இருக்கட்டும்: பந்து, அடுக்கும் கட்டைகள், சோப்புக் குமிழி, முகம் மறைத்துக் காட்ட ஒரு துணி, உடையாத கண்ணாடி. தானே பாடி, தானே மினுக்கும் பொம்மையோடு குழந்தை விளையாடும்போது உங்களைப் பார்க்க வேண்டிய தேவையே இராது. அதைத் தவிர்ப்பது அதனால்தான். தடித்த அட்டைப் புத்தகம் மூன்று நான்கு, அவற்றில் ஒன்றாவது குழந்தைக்கு இதுவரை பழகிய மொழியில்.

7. மூன்றாம் அடுக்கு: பொருளாக இல்லாதவை

இந்த அடுக்குதான் மிகவும் பயன்படும். இதைக் கேட்கத்தான் பலரும் கூச்சப்படுகிறார்கள்.

தத்தெடுத்த குழந்தைக்கு முதல் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள், ஊட்டுவது, தூக்குவது, தேற்றுவது மூன்றையும் பெற்றோர் மட்டுமே செய்யவேண்டும் என்று வல்லுநர்கள் சொல்வார்கள். பல கைகளில் மாறி மாறி வளர்ந்த பிள்ளைக்கு இவர்கள்தான் நம்மவர்கள் என்று விளங்க அது தேவை. அந்த நாட்களில் குழந்தையைத் தூக்கிவைத்துக்கொள்ளும் உதவி உங்களுக்கு வேண்டாம். மற்ற வீட்டு வேலைக்குத்தான் ஆள் வேண்டும். அதைத் துல்லியமாக எழுதுங்கள். "ஏதாவது உதவி" என்று எழுதினால் ஒருவரும் வரமாட்டார்கள். "முதல் இரண்டு வாரம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவுச் சாப்பாடு, வாசலில் வைத்துவிட்டுச் செய்தி அனுப்பினால் போதும்." "வாரம் ஒருமுறை துணி துவைத்துத் தருவது." "மூத்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவது." இப்படி ஒவ்வொன்றும் நாளோடும் அளவோடும் தனி வரியாக இருக்கட்டும்.

8. விலையும் பணமும்

பட்டியலில் பாதிக்குமேல் சிறிய விலைப் பொருளாக வையுங்கள். துண்டு, கோப்பை, அட்டைப் புத்தகம் என்று யாரும் தயங்காமல் எடுக்கக்கூடியவை. மூன்றில் ஒரு பங்கு நடுத்தர விலை. பெரியவை மூன்று நான்கு மட்டும், அவற்றைக் கூட்டுப் பரிசாக மாற்றிவிடுங்கள். கூட்டுப் பரிசில் பணம் முழுதாகச் சேராவிட்டால் என்ன ஆகும் என்று முன்பே படியுங்கள். சில தளங்கள் சேர்ந்த தொகையைப் பணமாகத் தராமல், அந்தக் கடையில் மட்டும் செலவழிக்கக்கூடிய வரவாகத் தரும்.

தேதி உறுதியில்லாத தத்தெடுப்புக்குக் கடையின் பரிசு அட்டை (கிஃப்ட் கார்டு) நல்ல பரிசு. காலாவதி இல்லாததாக இருக்கவேண்டும். பேச்சுப் பயிற்சி, வளர்ச்சி மதிப்பீடு போன்றவற்றுக்கு ஒரு சிறு நிதி வரியையும் சேர்க்கலாம்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: தத்தெடுப்புக் கட்டணத்துக்கான பண உதவியையும் பரிசுப் பட்டியலையும் கலக்காதீர்கள். நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பு பற்றிய 1993 ஹேக் உடன்படிக்கையின் 32-ஆவது பிரிவு, தத்தெடுப்பை வைத்து யாரும் முறையற்ற பண ஆதாயமோ வேறு ஆதாயமோ பெறக்கூடாது என்கிறது. செலவுகளும் நியாயமான கட்டணங்களும் மட்டுமே அனுமதி. நல்ல மனத்தோடு காப்பக ஊழியருக்கோ பெற்ற குடும்பத்துக்கோ அனுப்பும் விலையுயர்ந்த பரிசும் சிக்கலில் கொண்டுபோய் விடலாம். உறவினர் யாராவது அப்படித் தர விரும்பினால் முகமையை எழுத்தில் கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

9. பட்டியலின் தலைப்பில் எழுதவேண்டிய குறிப்பு

அப்படியே எடுத்து மாற்றிக்கொள்ளலாம்:

"எங்கள் வீட்டுக்கு இரண்டு வயதை ஒட்டிய குழந்தை வரப்போகிறது. தேதி மாறலாம். அளவு இன்னும் சரியாகத் தெரியாது. அதனால் 'இப்போது' என்று குறித்தவற்றை மட்டும் முதலில் வாங்குங்கள், பரிசு ரசீது சேர்த்து அனுப்புங்கள். பட்டியலில் இல்லாத பொம்மையும் துணியும் இப்போதைக்கு வேண்டாம். முதல் சில வாரம் நாங்கள் மட்டும் குழந்தையோடு இருக்கவேண்டியிருக்கிறது. யாரையும் தவிர்ப்பதாக நினைக்கவேண்டாம், பார்க்க வரலாம் என்றதும் நாங்களே கூப்பிடுகிறோம். குழந்தையின் பழைய வாழ்க்கையைப் பற்றிக் கேட்காமல் இருப்பதும் எங்களுக்குப் பெரிய உதவி."

பெரியவர்களுக்கு இதை எழுத்தில் மட்டும் அனுப்பாமல் ஒருமுறை போனிலும் சொல்லிவிடுங்கள். பேரப்பிள்ளையை உடனே தூக்கக்கூடாது என்று தாளில் படித்தால் மனம் நோகும். காரணத்தோடு நேரில் கேட்டால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள்.

10. பரிசுகள் வரத் தொடங்கியதும்

ஒரு நோட்டில் நான்கு நெடுவரிசை போடுங்கள்: யார், என்ன, வந்த தேதி, திருப்பித் தரும் கடைசித் தேதி. நான்காவது வரிசையை வாரம் ஒருமுறை பாருங்கள். குழந்தை வரும்வரை எந்தப் பெட்டியையும் பிரிக்காதீர்கள். கார் சீட் மட்டும் விதிவிலக்கு. அதை முன்பே பொருத்திப் பார்க்கவேண்டும். கார் சீட், தொட்டில், ஸ்ட்ரோலர் மூன்றையும் தயாரிப்பாளரிடம் உங்கள் பெயரில் பதிந்துவிடுங்கள். குறை கண்டு திரும்பப் பெற்றால் அறிவிப்பு வாங்கியவருக்குப் போகாமல் உங்களுக்கு வரும்.

பரிசுகளைக் குழந்தையிடம் ஒரே நாளில் கொட்டாதீர்கள். வாரம் ஒன்று, அதையும் உங்கள் கையாலேயே கொடுங்கள். நன்றிக் கடிதத்தில் படம் வேண்டாம், சட்டப்படி முடிந்த பிறகு அனுப்பலாம். வீட்டில் ஏற்கெனவே பிள்ளை இருந்தால், வருகிறவர் கையில் அந்தப் பிள்ளைக்கும் ஏதாவது இருக்கும்படி முன்பே சொல்லிவையுங்கள்.

தேதி தள்ளிப்போனால் அன்றே தளத்தில் தேதியை மாற்றி, பட்டியலைத் தற்காலிகமாக மறைத்துவிடுங்கள். தத்தெடுப்பே நின்றுபோனால் பட்டியலை முழுதாக நீக்குங்கள், மின்னஞ்சல்களையும் நிறுத்துங்கள். பொருள்களைத் திருப்பித் தரும் வேலையையும், எல்லோருக்கும் செய்தி சொல்லும் வேலையையும் செய்ய நம்பிக்கையான ஒருவரை முன்கூட்டியே குறித்துவையுங்கள். பட்டியலின் பாஸ்வேர்டும் அந்த நோட்டும் அவரிடம் இருக்கட்டும்.